ஒரு பக்கம் பத்து

கல்லூரிப் பெண் மேகவர்ணா கொண்டுவந்தாள்
பெருந்துறையில் என் பல் லேபுக்கு
கட்டைவிரல் நீளத் தாடை அச்சு.
"பத்து நகல் வேணுங்ண்ணா, கண்காட்சிக்கு."

சாந்து குழைத்தபடி எண்ணினேன்.
ஒரு பக்கம் பத்துப் பல்.
நமக்கு எட்டு.
"ஏனம்மிணி, ரெண்டு சாஸ்தியா இருக்குதே?"

"அடாப்பிஸுங்ண்ணா. மரத்துல இருந்துச்சு.
நமக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்.
பாரிஸ்ல, ஜிப்சம் குழியில கெடச்சுது.
முதல்ல குளம்பு மிருகம்னு எழுதிட்டாங்களாம்."

கை நின்றது.
வாளியில் இருப்பதும் ஜிப்சம்தான்,
பேரே பாரிஸ் சாந்து.
எதற்குள்ளிருந்து எடுத்தார்களோ
அதிலேயே திரும்ப ஊற்றுகிறேன்.

கடைவாயில் தேய்மானம்.
என்ன தழை தின்றதோ.

சிப்காட் சங்கு ஊதியது.
ஒன்பதுதான் கொடுத்தேன்,
ஒன்று உடைந்துபோச்சு என்று.

ஜன்னலோரம் காய்கிறது அது,
மேஸ்திரி சென்னியப்பனின் பல்செட்டை ஒட்டி.
நாளைக்கு வந்து கேட்பார்
இது யார் வாய் என்று.