பதினாலாம் நம்பர் ரூம்

முதல் வரைவில் மழை பெய்தது.
மே மாதம். வேலூரில். நாலு பக்கத்துக்கு.
மொட்டைமாடியில் போட்ட ஈரத்துண்டு
ஒரு பீடி முடிவதற்குள் விறைத்துப்போகும் ஊரில்
என் கதாநாயகி சொட்டச் சொட்ட நனைந்து
ஆஸ்பத்திரியிலிருந்து லாட்ஜுக்கு வந்தாள்.
அவளை எப்படி அழவைப்பதென்று தெரியாமல்
வானத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.
அடித்தேன்.

தோட்டப்பாளையத்தில் ராத்திரி டூட்டி எனக்கு.
பெயர்ப்பலகைகளில் தமிழுக்குச் சரிசமமாய்
வங்காளம் எழுதிய தெரு.
பழைய ரசீதுகளின் முதுகில் எழுதுகிறேன்,
அத்தாவுல்லா பாய் கேட்டால் கணக்கு என்பேன்.

'காலத்தைப் போல் சுழன்றது மின்விசிறி.'
காலத்தை அடித்தேன்.
சுழன்றது மின்விசிறி.
இது போதும் என்று டீ குடிக்கப் போய்
திரும்பி வந்து பார்த்தால்
மூன்றாம் பக்கத்தில் கரண்ட் இல்லை.

பிறகு பாலாறு.
ஆட்டோ மேம்பாலத்தில் போகும்போது
வறண்ட ஆற்றைப் பார்த்து அவள்
தன் வாழ்க்கையை நினைத்துக்கொள்கிறாள், ஒன்றரைப் பக்கம்.
இந்த ஜில்லாவில் பேனா பிடித்த எல்லோரும்
அந்த ஆற்றில் ஆளுக்கொரு லோடு அள்ளிவிட்டோம்.
தவிர, மணி அப்போது விடியற்காலை நாலு.
இருட்டில் அவளுக்கு ஆறு எங்கே தெரிந்தது?
மேம்பாலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.
மறுநாள் அதுவும் போயிற்று.

கஷ்டமாக இருந்தது அவள் பேச்சு.
மாடிப்படியில் நின்று
விதியைப் பற்றி இருபத்துமூன்று வரி.
சத்தம் போட்டுப் படித்தால் எனக்கே தொண்டை அடைக்கும்.
ரூம் கூட்டும் துலுக்கானம் வாங்கிப் பார்த்துவிட்டு,
"இன்னா சார், மால்டாலருந்து வந்த அம்மா
உன்னாட்டமே பேசுது" என்றான்.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் இருபத்துமூன்று வரியையும் அடித்து
அடித்த தாளைக் கிழிக்காமல்
சாவி மாட்டும் பலகைக்குப் பின்னால் சொருகினேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
சில ராத்திரி எடுத்துப் படிக்கிறேன்.

அவள் உண்மையில் சொன்னது ஒரே வார்த்தை.
சாவியை மேசைமேல் வைத்து
"பால்டி" என்றாள்.
எனக்கு விளங்கவில்லை என்று
இரண்டு கையாலும் ஒரு வட்டம் காட்டி
அதை நடுவில் பிளந்து காட்டினாள்.
பக்கெட் உடைந்துபோயிற்றாம்.
முந்தானை முடிச்சவிழ்த்து அறுபது ரூபாய் வைத்தாள்.
வேண்டாம் என்றேன், தமிழில்.
அவள் எண்ணிச் சரிபார்த்தபின்தான் கிளம்பினாள்
காட்பாடிக்கு, நாலு மணி ஆட்டோவில்.

நேற்று வேறொரு பில்லைத் தேடி
ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
ரூம் 14. நிதாய் சர்க்கார், உடன் மனைவி.
வந்தவர் 2.
சென்றவர் 1.
என் கையெழுத்துதான்.
அன்று தூக்கக் கலக்கத்தில்
எந்தக் கதைக்காகவும் இல்லாமல்
கட்டத்தை நிரப்பியிருக்கிறேன்.

பதினோரு மாதமாக
நாற்பது பக்கத்தை ஏழாக்கி
ஏழை மூன்றாக்கி
அவள் பெயரை நாலு தரம் மாற்றியும்
இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைக்க
என்னிடம் ஒரு வரி இல்லை.
அவளிடம் கேட்காமல் எழுதுகிறேன் என்பதும்
எந்தத் திருத்தத்திலும் அடிபடாமல் நிற்கிறது.

துலுக்கானம் கடைசி வரைவை வாசித்தான்.
"அல்லாத்தையும் தூக்கிட்ட, சரி.
பக்கெட்டு எங்க சார்?"
மழையோடு சேர்த்து
அதையும் அடித்திருந்தேன்.

திரும்ப எழுதப் பார்த்தால்
உடைந்த பக்கெட்டா, விரிசல் விட்டதா?
ஞாபகத்தில் எவ்வளவு தேடியும்
அவள் கைகள்தான் வருகின்றன, பக்கெட் இல்லை.

பதினாலு காலியாகத்தான் இருந்தது.
பாய் புதுசு வாங்கவில்லை,
எம்சீல் வைத்து ஒட்டியிருக்கிறார்.
குழாயைத் திறந்துவிட்டுக் குத்துக்காலிட்டேன்.
கீழே மணி அடிக்கிறார்கள்,
ராத்திரி வண்டியில் வந்தவர்களாக இருக்கும்.
இரு, வருகிறேன்.
தாள் கொண்டுவரவில்லை, உள்ளங்கையில் எழுதுகிறேன்:
நீலம். கைப்பிடி இல்லை.
விரிசல், அடியிலிருந்து நாலு விரல் மேலே.