புறங்கை

நாற்பது வருடம் ரயிலடியில் கோதுமைக்கு எடை போட்டவன்
என்பதால் என்னை நடுவராக்கினார்கள்.
கள்ளத் தராசு தெரியாத நௌம் என்று பெயர்.
என் மூக்குச் செத்து இரண்டு குளிர்காலம் ஆனதை
யாரிடமும் சொல்லவில்லை.
வந்த காய்ச்சல் போகும்போது
வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று.

பசவில்பாசோவில் செப்டம்பர் என்றால் வசந்தம்.
கப்பலில் வந்த எங்கள் நாட்காட்டிக்கு அது தெரியாது;
இலை உதிர்வதாக நினைத்துக்கொண்டு
புத்தாண்டைக் கொண்டுவந்து
பீச் மரங்கள் பூத்த வாரத்தில் வைக்கிறது.

சங்கக் கூடத்தில் நீள மேசை,
எண் ஒட்டிய பதினொரு லெகாக்.
தேன், கிராம்பு, ஆறிய கறுப்புக் காப்பி,
வரும் வருடம் இனிக்கட்டும் என்று ஒரு வேண்டுதல்.
கத்தி கழுவ ஒரு குவளை வெந்நீர்.

இடப்பக்கம் மருந்துக்கடை சுலேமா ரெஸ்னிக்.
ஒவ்வொரு வில்லைக்கும் கண்ணை மூடி
"ஏலம்... இல்லை, ஜாதிக்காய்" என்பாள்.
வலப்பக்கம் ஜெப ஆலயத்தில் பாடும் இசிதோரோ,
சர்க்கரைக்காரர்.
கடுகளவு தின்று கடலளவு பேசினார்.

என் நாக்குக்கு இனிப்பு தெரியும், கசப்பு தெரியும்.
இரண்டுக்கும் நடுவே வெள்ளையடித்த சுவர்.
ஆகவே கையால் தீர்ப்பெழுதினேன்.
ஒன்றாம் எண், மழையில் நனைந்த மூட்டையின் கனம்.
மூன்று, தட்டினால் ஓடு போல ஒலித்தது; அடி தீய்ந்திருக்கிறது.
நாலின் மேல் வாதுமைகளைப்
பல்வரிசை மாதிரி அடுக்கியிருந்தார்கள்.
ஆறின் நடுவில் மாடு படுத்தெழுந்த பள்ளம்.
ஆனாலும் அதை இரண்டு வாய் தின்றேன்,
ஏனென்று தெரியவில்லை.

ஏழு வந்தது.
சுலேமா பத்து போட்டாள். பாடகரும் பத்து.
நான் வெட்டினேன்.
கத்தி சுத்தமாக வெளியே வந்தது.
துணுக்கை நசுக்கினேன்; தவிடு போல உதிர்ந்தது.
தேன் விட்டுச் சுட்டது மறுநாள் வியர்க்கும்,
விரலை விடாது.
என் விரலை ஒன்றும் பிடித்து வைக்கவில்லை.

"இதில் தேன் இல்லை" என்றேன்.
கூடம் கேட்டுவிட்டது.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ப்ளூமா செர்னோவ் எழுந்தாள்.
காலணியில் இன்னும் வயல் சேறு.
"மற்ற பத்திலும் இருப்பது என் தேன்தான்," என்றாள்.
"பக்கத்து சோயாவுக்கு விமானத்தில் மருந்தடித்தார்கள்.
முப்பத்திரண்டு பெட்டி.
துடைப்பத்தால் கூட்டினேன்.
போன வருடத்து மிச்சத்தை உங்களுக்கு விற்றேன்,
கடன் இருந்தது.
எனக்குக் கரும்புப் பாகு."

விதி விதிதான் என்றார் இசிதோரோ.
தேனில்லாதது லெகாக் ஆகாது.
சுலேமா தாளைத் தன் பக்கம் இழுத்து
பத்திலிருந்த ஒன்றை மட்டும் அடித்தாள்.
அவ்வளவுதான் வேலை.
நான் ஏழாம் எண்ணுக்கு நேரே
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
அதை நேர்மை என்றும் சொல்லலாம்.
எனக்கென்னவோ
தராசைத் தொடாமல் நழுவியது மாதிரி இருந்தது.
நாலாம் எண் ஜெயித்தது, பற்களோடு.

வாசலில் தகரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.
"மூக்கு இல்லை, இல்லையா?"
நான் பதில் சொல்லவில்லை.
"பதினொன்றில் ஒன்றைக்கூட நீங்கள் முகரவில்லை.
தேனீ வளர்ப்பவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்."

யாரிடமும் சொல்லிவிடாதே என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் உடைந்த ஏழில் ஒரு துண்டைக்
காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினாள்.

தேனெடுத்தவர்கள் புறங்கையை நக்குவார்களாம்.
அவள் புறங்கையைப் பார்த்தேன்.
பழைய கொட்டுகளின் வடு, கொஞ்சம் மாவு.

இரவு சூடான பாலில் முக்கித் தின்றேன்.
இனித்தது, அதுவரை தெரிந்தது.