உடையாததுக்குச் சல்லி

திரையின் நடுவில் நீலப் பெட்டி.
இந்த மாதத்தோடு பாதுகாப்பு நிற்கிறதாம்.
தொடர்வதென்றால் வருடத்துக்கு இத்தனை டொலர்.
மாட்டேன் என்பதற்குப் பொத்தான் வைக்கவில்லை;
'பிறகு நினைவூட்டு' என்றொன்று இருக்கிறது.
பத்து நாளாய் அதைத்தான் அமத்துகிறேன்.

சம்மாந்துறை, ஹிஜ்றா சந்திக்கு நாலு கடை தள்ளி
சறூபா கொம்பியூட்டர்ஸ்.
இரண்டு மெசின், ஒரு பிரின்டர்,
கரண்ட் போனால் பதினொரு நிமிசம் தாங்கும் பற்றரி.
ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு,
கலியாணக் காட்,
கட்டாருக்குப் போகிறவன் தன்னைப் பற்றிச் சொல்லும் நல்ல பொய்கள்,
எல்லாம் இந்தப் பழசுக்குள்தான் கிடக்கின்றன.

ஆளில்லாத நேரம் பெட்டியோடு வாதாடுவேன்.
கதவை வித்தவன் நீ.
பூட்டில் ஓட்டை என்று சொல்கிறவனும் நீ.
அடைக்கிறதுக்கு என்னிடமா சல்லி?
கள்ளன் வருகிறான் என்று கத்துகிற அதே வாய்
காவல்கூலியும் பேசினால்
கேட்கிற காதுக்கு எப்படி இருக்கும்?
மேல்மாடி கட்டித் தா, கூலி தருகிறேன்.
எனக்கு மாடி தேவையில்லை.
சதுரமாய் இருந்த பொத்தானை நீ வட்டமாக்கினதுக்கு
என் மெசின் ஏன் கிழவியாக வேண்டும்?

வட்டவிதானை இஸ்மாலெப்பை வந்தார்,
இருநூறு ரசீது அடிக்க.
பின்னாலேயே ஆதம்பாவா, சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு:
"இந்தப் போகம் வாய்க்கால் ஒரு இடத்திலயும் உடையல்ல.
நீ என்னத்தச் செஞ்ச எண்டு
ஏக்கருக்கு அர மூட நெல்லுக் கேக்கிற?"

விதானை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"உடையாததுக்குத்தான் கேக்கிறன்."

ஆதம்பாவா போய்விட்டார். தந்துவிட்டா, தராமலா, தெரியாது.
எனக்குத்தான் அந்தச் சொல்
பிரின்டரில் சிக்கின தாள் மாதிரி நின்றது.
எங்கோ ஒருவன், நான் காணாத ஊரில்,
ராவிராவாய் டோர்ச்சடித்து நண்டு வளை தேடுகிறானோ?
அவனுக்கும் வீட்டில் உலை வைக்கத்தானே வேண்டும்.
ஆனால், மறுகா ஒன்று:
இஸ்மாலெப்பை வாய்க்கால் வெட்டினவர் இல்லை.
வெட்டினவனே வளையையும் விட்டுவைத்து
அடைக்க நெல் கேட்டால்
வட்டை முழுக்க மண்வெட்டியோடு நிற்காதா?

இவ்வளவும் நியாயம்தான்.
ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.
அந்தக் கதவை நான் வாங்கவேயில்லை.
எட்டு வருடத்துக்கு முன் கல்முனையிலிருந்து
ஒரு பென்டிரைவில் வந்தது.
அதே பென்டிரைவால் அரைவாசி ஊருக்குப் போட்டுக் கொடுத்தேன்.
சுவரில் என் விலைப்பட்டியலைப் பாருங்கள்:
புதுசு போட எண்ணூறு,
வைரஸ் எடுக்க அறுநூறு.
இது தெரியாமல் பெட்டி என்னை
'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே' என்கிறது.
அந்த மரியாதைதான் கூடச் சுடுகிறது.

ரசீது ஒவ்வொன்றாய் வெளியே வந்துகொண்டிருந்தது.
விதானை மேசையில் ஒரு லெப்டொப்பை வைத்தார்.
"மகன்ட. போன மாசம் நீதானே புதுசு போட்ட,
இப்ப திறந்தா அப்படியே நிக்கிது.
நீ போட்டதத் திருத்திறதுக்கும் சல்லியா, சறூபா?"

பழக்கத்தில் என் வாய்
'அறுநூறு' என்பதற்கு 'அ' வரைக்கும் போய்விட்டது.

கரண்ட் போனது.
பற்றரி கீச்சிட ஆரம்பித்தது.
பதினொரு நிமிசம்.
"பிறகு சொல்றன்" என்றேன்.

"சரி, அதப் பிறகு சொல்லு" என்றவர்
முதல் ரசீதைக் கிழித்து, பேனை தேடி,
என் பெயரை எழுதினார்:
புளியடிக் கண்டம், ஒரு ஏக்கர்.
"இத இப்ப தா."

தாள் இன்னும் சூடாக இருந்தது.