ஐந்தாவது ஏன்

திருவொற்றியூரில் தேரடிக்கு வடக்கே
ஆயில் சீல் வார்க்கிற கொட்டகை.
லாரி அச்சில் எண்ணெய் கசியாமல் காக்கிற
கறுப்பு ரப்பர் வளையம்.
நூற்றுக்கு ஒன்பதில் கொப்புளம்.
சிவப்புப் பெட்டி நிரம்பி இன்னொன்று கேட்டேன்.
ஸ்டோரில் சிவப்பு இல்லையாம்,
பச்சையைத் தந்தார்கள்.

புதிதாய் வந்த தர அதிகாரி லூர்துநாதன்
வெள்ளைப் பலகையில் மீன்முள் வரைந்தார்.
தலையில் கொப்புளம்.
முள்ளுக்கு ஒன்றாய் ஆள், எந்திரம், பொருள், முறை.
'ஆள்' பக்கத்தில் மேலாளர் அப்போதே எழுதிவிட்டார்:
கவனக்குறைவு.

"இன்னா மீனு சார் இது?" என்றாள் கோட்டீஸ்வரி,
காசிமேட்டில் விடியுமுன் கூடை இறக்கிவிட்டு
ஏழு மணிக்கு பிரஸ் முன் நிற்பவள்.
"முள்ளு எண்ணி வெச்சாப்ல கீது, வஞ்சிரம் மாரி.
நம்ம கேசு கவலை மீனு சார்.
வாயில வெச்சாதான் தெரியும்
எங்கெங்க குத்துதுன்னு."

நான் ஒன்று செய்தேன்.
கொப்புளம் கண்ட நேரத்தையும் குறித்தேன்,
நோட்டில் கோடு கோடாக, பதினொரு நாள்.
காலையில் ஒன்றிரண்டு.
ஒரு மணிக்கு மேல்
தாளின் அந்தப் பாதியில் மட்டும் மழை.

ஏன்?
ரப்பர் தகட்டில் ஈரம்.
ஈரம் ஏன்?
கிழக்குக் கதவு வழியே மதியக் கடற்காற்று.
கதவு ஏன் திறந்திருக்கிறது?
நூற்றறுபது டிகிரிக்கு முன்னால் நின்று பாருங்கள்,
பிறகு கேளுங்கள்.
வெப்பம் இழுக்கும் விசிறி ஏன் சுற்றவில்லை?
மோட்டார் எரிந்து எட்டு மாதம்.

ஐந்தாவதைக் கேட்கும்போது
லூர்துநாதனின் குரல் இறங்கிவிட்டது.
மேலாளர் டிராயரை இழுத்தார்.
பழைய காலண்டருக்கும் மாத்திரை அட்டைக்கும் நடுவே
பிட்டர் தயாளன் எழுதிய கோரிக்கைச் சீட்டு,
கையெழுத்துக் கோடு காலியாக.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிரஸ் மட்டும் மூச்சு விட்டது.

விசிறி வந்தது. கதவு மூடியது.
தகடு வைக்க உள்சுவரோரம் அலமாரி,
அலமாரிக்குள் ஒரு ஈரமானி.
இப்போது நூற்றுக்கு ஒன்று.
இறங்கும் கோட்டைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.
வருகிறவர்கள் அதன் முன் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மீன் மட்டும் பலகையில் அழியாமல் கிடக்கிறது.
'ஆள்' முள்ளில் இருந்த சொல்லை
கோட்டீஸ்வரி கையுறையால் துடைத்தாள்.
அந்த இடத்தில்
வேறு யார் பெயரையும் அவள் எழுதவில்லை.

பச்சைப் பெட்டியை நான் திருப்பித் தரவில்லை.
மிச்சமிருக்கும் அந்த ஒன்று
காலை ஒன்பதே காலுக்கு வருகிறது,
கடற்காற்று இல்லாத நேரம்,
கதவு சாத்தியிருக்கிற நேரம்.
நோட்டில் புதுப் பக்கம் புரட்டுகிறேன்.