இருபத்துமூன்றாம் கூடு

கின்சி வீதி மரங்களில் காகங்கள்
காலைச் சண்டையை முடிக்குமுன்
நான் எலிகளிடம் போய்விடுவேன்.
ஒவ்வொன்றாய்ப் பிடரியில் தூக்கி
ஒரு துளி உப்புநீரை உள்ளே விட்டு, உறிஞ்சி,
கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து
மெத்திலீன் நீலம்.

நீலத்துக்குள் நாள் தெரியும்.
மீன்செதில் சிதறினாற்போல் கிடந்தால் வேட்கை.
கடுகு கொட்டினாற்போல் கிடந்தால் ஓய்வு.
நாலைந்து நாளில் கடுகு செதிலாகும்,
செதில் மறுபடி கடுகாகும்.
எலிக்கு அதுதான் மாதம்.

நான் செய்தது இவ்வளவே:
பன்னிரண்டு கூடுகளின் குடிநீரில் மருந்தைக் கரைத்தேன்.
கழுத்துக்குள் ஒரு சின்னச் சுரப்பி,
பழைய பாடநூலில் கேடயப்போலி,
மெல்ல வேலையை நிறுத்தியது.
இரண்டாம் கிழமை மயிர் சொரசொரத்தது.
மூன்றாம் கிழமை நடை மந்தம்.
பிறகு தகடுகளில் கடுகு, கடுகு,
ஒன்பது நாள், பத்து நாள், கடுகு மட்டும்.
கழுத்தில் விளக்கணைத்தால்
அடிவயிறு இருட்டுகிறது
என்று ஆய்வேட்டில் எழுத முடியாது.
தைரொக்சினும் சேர்த்துக் கொடுத்த கூடுகளில்
செதில் தவறவில்லை.
அதற்கு ஒரு வரைபு போதும்.

இருபத்துமூன்று மட்டும் கணக்குக்குள் வரவில்லை.
மருந்துக் குழுவில் இருந்துகொண்டு
நாலு நாளுக்கொருமுறை செதில்.
மயிர் மினுமினுப்பு. என் கையுறையை முகர்ந்து பார்ப்பாள்.
குறிப்பேட்டில் மூன்று கேள்விக்குறி போட்டேன்.
வெள்ளவத்தை அறையில்
எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று
இரண்டு மணிவரை நித்திரையில்லை.

கூடு கழுவுகிறவர் சூசைமுத்து.
கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்.
மின்வெட்டு நாட்களில்
எலிகளின் பன்னிரண்டு மணி வெளிச்சம் பிசகாதிருக்க
ஜெனரேற்றரைத் திட்டித் திட்டிக் கிளப்புவார்.
ஒருநாள் போத்தல் கழுவியபடி, திரும்பாமலே:
"மிஸ், அந்த மூலைக்காரி முதல் நாளே குடிக்கல்ல.
கசக்குது போல. நக்கிட்டு மூஞ்சத் தொடச்சிச்சு.
நான் பைப்புத் தண்ணி வெச்சன்."
"எத்தனை நாளா?"
"ஆறு கிழமை."
"ஏன் சொல்லேல்லை?"
"நீங்க கேக்கல்லயே."

அவர் போனபின்
மருந்து நீரில் விரல்நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.
ஆய்வுகூடத்தில் செய்யவே கூடாத காரியம்.
பின்னேரத் தேநீரிலும் அந்தக் கசப்பு இருந்தது.

மார்கழியில் எல்லோரையும் திறந்தேன்.
மருந்து குடித்தவர்களின் சூலகம்
ஊறாத பயறுபோல்; தராசு முள் அசையத் தயங்கியது.
புடைப்புகள் பாதி வழியில் நின்றிருந்தன.
முட்டை போன இடத்தில் எஞ்சவேண்டிய மஞ்சட்சடலம்
சிலரில் ஒன்றுகூட இல்லை.
யார் வைத்த பெயரோ.
உடல் என்றிருக்கலாம்.
கருவைத் தாங்கவெனக் காத்திருக்கும் ஒன்றை
சடலம் என்று படித்துத்தான் பரீட்சை எழுதினோம்.

தண்ணீர் குடித்தவளுக்கும் அதே நாள், அதே மேசை.
விலக்கப்பட்ட விலங்குக்கு விதி வேறில்லை.
சூசைமுத்து அன்று லீவு கேட்டிருந்தார்.
அவளுடைய மஞ்சட்சடலங்களை எண்ணினேன்: பதினான்கு.
என் தகடுகளில் அவ்வளவு வடிவானது வேறில்லை.
ஆய்வேட்டில் அது இல்லை.

வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர் கண்ணாடியை உயர்த்தினார்.
பன்னிரண்டில் தொடங்கி
அட்டவணையில் ஏன் பதினொன்று?
"ஒன்று தண்ணீர் குடித்துவிட்டது" என்றேன்.
சிரித்தார்கள்.
அடுத்த கேள்விக்குப் போனார்கள்.