கிளை மறைக்கும் நாலு செக்கன்

மூதூர் வரைக்கும் கம்பி வந்துவிட்டது.
மூதூரிலிருந்து இலக்கந்தைக்கு வர
அதற்கு இன்னும் மனம் வரவில்லை.

நண்டுக்குப் பொறுமை இல்லை.
விடியப்புறம் வலையிலிருந்து கழற்றித்
தரம் பிரித்து, ஐஸ் போட்டு மூடிவிட்டு
போனோடு பாறையில் ஏறுவேன்.
வடக்கு மூலையில் எட்டி நின்றால்
ஒரு கோடு சிக்னல்.
நேற்றைய விலை இன்றைக்கு வந்து சேரும்.
நேற்றைய விலைக்கே இன்றைய நண்டைக் கொடுத்தேன்,
இரண்டு வருசம்.
நட்டமெல்லாம் கொப்பியில் இருந்தது.
கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

கம்பம் நட்டு அன்ரனா பூட்டு, அதுதான் மலிவு
என்றான் தயாநேசன்.
பூட்டினேன்.
பின்னேரம் டவரில் ஆள் கூடினால்
எல்லாம் உறைந்து போகும்,
என் ஐஸ் பெட்டியை விட நன்றாக.

நிலாவெளி ஹொட்டேல்காரர்
பழைய பெரிய தட்டொன்றை அரைவிலைக்குத் தரப்பார்த்தார்.
அதன் செய்மதி முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் மேலே.
ஹலோ சொல்லிவிட்டு எச்சில் விழுங்க நேரமிருக்கும்.
வீட்டுக்கதைக்குப் பரவாயில்லை. பேரத்துக்கு?
மற்றவன் யோசிக்கிறானா,
வார்த்தை வழியில் நிற்கிறதா,
எப்படிப் பிடிப்பது?

புதியது ஐநூற்றைம்பதில் சுற்றுகிறதாம்.
கணக்குப்படி மூதூர்தான் கிட்ட;
வந்து சேர்வது வானம்.
டிஷ்சுக்குக் காப்பு இரண்டும் அடகுக்குப் போனது.
மாதம் பதினையாயிரம்:
நல்ல நண்டு எட்டுக் கிலோ.
எட்டுக் கிலோவை மாதாமாதம் ஆகாயத்துக்கு அளக்க வேண்டும்.
கொப்பியைக் கூட்டினேன். அதைவிடக் கூட
பாறையில் விட்டிருந்தேன்.

மூதூரிலிருந்து நஸ்மில் மோட்டார் சைக்கிளில் வந்தான்.
"போனை நிமித்திப் பிடிச்சு
வானத்தை ஒரு சுத்துச் சுத்துங்க அக்கா.
வெளியா இருக்கான்னு அது சொல்லும்."

சுற்றினேன்.
ஒரு துண்டு மேகமில்லை.
"சோக்கான வானம்" என்றான்.
அவனுக்கு இருபத்திரண்டு வயது.
வெளித்த நாளில் கிபிர் வரும்,
மழைநாளில் மட்டும் கண்ணயரலாம் என்றிருந்த வருசம்
அவன் நடைபழகிக்கொண்டிருந்திருப்பான்.
வண்டு இரைகிற சத்தத்துக்குப்
பங்கருக்குள் இறங்கினவள்
இப்போது கையுயர்த்தி நிற்கிறேன்,
மேலே சுற்றுவது என்னைக் கண்டுகொள்ளட்டும் என்று.
நஸ்மிலிடம் தேத்தண்ணிக்குச் சீனி காணுமா
என்று மட்டும் கேட்டேன்.

திரையில் வடகிழக்குப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு.
பூலோகராணியின் புளியமரம்.
மூன்று கிளை விழுந்தால் போதும் என்றான்.
அந்த மூன்றில்தான் அவளுக்கு
மாசியில் மூட்டைக் கணக்கு.

வேலிக்கு மேலால் கேட்டேன்.
"கிளையில கை வைக்காத.
பாஸ்வேர்ட்டைத் தா.
கட்டாரில நிக்கிறவன்ர முகம்
பாதியில வாயைத் திறந்தபடி நிண்டுபோகுது,
பாக்க ஏலாமக் கிடக்கு."
இரண்டாவதைக் கொடுத்தேன். மாதம் அவள் இரண்டாயிரம்,
புளி காய்த்தால்.

தண்ணித் தாங்கிக்கு மேலே டிஷ்சை ஏற்றினோம்.
ஆணிக்கெல்லாம் கிறீஸ் பூசினான், உப்புக்காற்றுக்கு.
கரண்ட் போனால் வள்ளத்து பற்றறி.
பத்துப் பதினொரு நிமிசத்துக்கு ஒருக்கா
மரம் குறுக்கே வரும்,
நாலு செக்கன்.

முதல் நாள் காலை கொழும்பிலிருந்து முதலாளி:
"இண்டைக்குக் கிலோ ஆயிரத்து எண்ணூறு,
அதுக்கு மேல இல்லை—"

மரம்.

ஒன்று. இரண்டு.
உறைந்த முகத்தையே பார்த்தபடி நின்றேன்.
மூன்று.
அந்தப் பக்கத்தில் அவருக்கும்
என் முகம் அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

"—சரி சரி, எண்ணூற்றைம்பது.
என்ன தங்கச்சி, ஒண்டும் பேசாமல் நிக்கிறீங்கள்?"