பதினொன்றாம் வீட்டின் ஓடு

வாரம் இருபத்தோரு மணி நேரம்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
அடுத்த வாரக் கணக்கில் ஏறும்.
காய்ச்சல் எனக்கென்றால் என் தங்கை வந்து மணல் சலிக்க வேண்டும்.
எல்லாம் நெல்பாவின் நோட்டில் இருக்கும்.
அரை மணியைக்கூட விடமாட்டாள்.

மொந்தேவிதேயோவில்
பேருந்து திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால்
முப்பத்தாறு குடும்பங்கள்
முப்பத்தாறு வீடுகளைக் கட்டினோம்.
எவருக்கு எது என்பது
கடைசிச் சன்னலுக்குக் கண்ணாடி மாட்டியபின்
குலுக்கலில்தான்.

முதலில் எரிச்சலாக வந்தது.
மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்ற காலோடு
எவரோ தூங்கப்போகிற அறைக்கா
கலவை சுமக்கிறேன்?
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஒவ்வொரு கல்லிலும்
முப்பத்தாறில் ஒரு பங்கு எனது.
ஒரு சிட்டிகை உப்பு.

கொத்தனார் ஒருவர்கூட இல்லை எங்களில்.
வால்தெமார் பேருந்து ஓட்டுகிறவன்,
ரசமட்டத்தைக் கைக்குழந்தைபோல் ஏந்துவான்.
ஒதீலியா நெட்டை, சுவிட்சுகளை
அவள் தோளுக்கு அளந்து வைத்தாள்.
ஜூலையில் ஆற்றுக் காற்று எலும்பைத் தேடி வரும்.
ஒரே மத்தேக் குடுவை கைமாறும்,
சிமெண்டு ருசியோடு.

ஒரு ஞாயிறு, பதினொன்றாம் வீட்டுக் குளியலறையில்
என் ஓடு ஒன்று கோணிக்கொண்டது.
இருட்டிவிட்டது. எவரும் பார்க்கவில்லை.
பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
பேருந்தேறினேன்.

குலுக்கல் நாளன்று
சனிக்கிழமைகளில் சூப்பு காய்ச்சும் அண்டாவில் சீட்டுகள்.
ரூபனின் மகள் கைவிட்டு எடுத்தாள்.
எனக்கு இருபத்தொன்பது.
அந்த வீட்டில் நான் ஒரு கல்கூட வைத்ததில்லை.
சுவிட்சைப் போட எக்க வேண்டியிருக்கிறது, ஒதீலியா.
சன்னலடியில் பூசியது ரூபன்;
கட்டைவிரல் தடம் அப்படியே நிற்கிறது.
இரவில் விளக்கணைத்தால்
வீடு நிறைய ஆட்கள்.

பதினொன்று நெல்பாவுக்கு.

ஆறு மாதம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததுதான் தாங்கவில்லை.
உளி, சுத்தி, புது ஓடு எடுத்துக்கொண்டு போனேன்.
கதவைத் திறந்தவள்
என் கையைப் பார்த்தாள், சிரித்தாள்.
"அதை எடுக்காதே.
ராத்திரி மின்சாரம் போனால்
கால் அதில் தட்டும்,
கண்ணாடி எந்தப் பக்கமென்று தெரிந்துவிடும்."

பிறகு அலமாரியிலிருந்து
எப்போதோ முடிந்துபோன நோட்டை எடுத்தாள்.
என் பெயருக்கு நேரே
அரை மணி நேரம் என்று எழுதினாள்.
என்ன வேலை என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து:
வந்தாள்.